ஒன்பதாம் கட்டில் கவுண்டர்

“அக்கா, ஆறு பேரு வந்தாங்க. ஆறு கதை சொன்னாங்க. வர்ற வழியில வேன்லயே ஒரே கதையா பேசி வச்சிக்கிட்டு வந்திருக்கலாம்ல?”

கிள்ளானில் ஒரு மருத்துவமனை, குழந்தைகள் வார்டு, ஒன்பதாம் கட்டில். மதியம் பார்வையாளர் நேரம் அப்போதுதான் முடிந்திருந்தது. காப்பாரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்த உறவினர்கள் படியிறங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த மீகோரேங் நூடுல்ஸ் வாசனை மட்டும் போகாமல் கட்டிலைச் சுற்றி நின்றது.

லோஷினிக்கு எட்டு வயது. இரண்டாம் ஆண்டு மாணவி. இடது காலில் முழங்காலுக்குக் கீழே பெரிய கட்டு, இடது கையில் டிரிப். வலது கையில் பள்ளிப் பயிற்சி நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தை நீதிபதி மாதிரி வாசித்தாள்.

“ராஜம் அத்தை: சும்மா எக்ஸ்ரே. பெரியப்பா: எறும்பு கடிக்கிற மாதிரி. பெரியம்மா: ஆபரேஷனே இல்ல, கட்டு மாத்துறாங்க. மாமா: தூங்கி எந்திரிச்சா கேமரன் மலையில இருப்ப. பக்கத்து வீட்டு ஆன்டி: ஐஸ்கிரீம் குடுப்பாங்க. அப்பா: அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதும்மா.”

நோட்டை மூடினாள்.

“அப்பாவுக்குத் தெரியாதாம். சைன் போட்டதே அவருதான். நான் பாத்தேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்டேன். ஒரு சின்னக் காகிதம் தட்டுப்பட்டது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஷா ஆலமில் ஒரு அரசாங்க அலுவலகத்துக்குப் போய், இரண்டு மணி நேரம் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நம்பர் சீட்டு.

சீட்டைப் பார்த்தேன். நோட்டைப் பார்த்தேன். யோசனை அங்கேயே, மீகோரேங் வாசனைக்கு நடுவில், பளிச்சென்று வந்தது.

இது என்ன வேலை?

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக: மருத்துவமனையில் குழந்தைகளோடு விளையாடுவது என் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் அங்கிள்மார் இன்னும் நம்பவில்லை. “ஜெசி, விளையாடவா சம்பளம்? எங்களுக்கும் ஒரு போராங் வாங்கிட்டு வா” என்கிறார்கள். அவர்களிடம் நானும் விண்ணப்பப் பாரம் தருவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஊசிக்கு முன்னால், ஸ்கேனுக்கு முன்னால், ஆபரேஷனுக்கு முன்னால் என்ன நடக்கப் போகிறது என்று குழந்தைக்குப் புரியவைக்க வேண்டும். பொம்மையை வைத்து, படம் வரைந்து, சில நாள் நானே தரையில் படுத்து நோயாளியாகி. கூடவே அப்பா அம்மாவையும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்க வேண்டும். எளிய வேலை மாதிரித் தெரியும். போன வாரம் எழுதிய சிவப்பு மூக்குக் கோமாளிச் சம்பவத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது அப்படி எளிதில்லை என்று. (ஐந்து குழந்தைகளும், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி ஒருவரும் அழுதார்கள். மிஸ்ஸிக்குச் சின்ன வயதிலிருந்தே கோமாளி பயமாம்.)

லோஷினியின் கதைக்கு வருகிறேன். சைக்கிளிலிருந்து விழுந்தாள், காய்ச்சல் வந்தது, கடைசியில் பார்த்தால் கால் எலும்புக்குள் சீழ். இரண்டு வாரத்துக்கு முன் முதல் ஆபரேஷன். “படம் எடுக்கப் போறோம்மா” என்று சொல்லித்தான் அவளுடைய அப்பா தள்ளுகட்டிலில் ஏற்றினார். கண் விழித்தபோது காலில் கட்டு.

“படம் எடுத்தா கட்டு எதுக்கு?” என்று அப்போது கேட்டவள், அதற்குப் பிறகு யார் சொன்னதையும் நம்பவில்லை. கஞ்சி சூடாக இல்லை என்று மிஸ்ஸி சொன்னால்கூடத் தொட்டுப் பார்ப்பாள்.

எலும்பை இன்னொரு முறை கழுவ வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலை. மயக்க மருந்து ஏறும்வரை பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் நிற்கலாம். அம்மா வர முடியாது. தம்பி பிறந்து சில வாரம்தான் ஆகிறது, வயிற்றைக் கீறி எடுத்த பிரசவம், தூரத்தில் தன் தாய் வீட்டில் பத்தியத்தில் இருக்கிறார். மீதி இருப்பது அப்பா.

லோஷினி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “பொய் சொல்றவங்க யாரும் என்கூட வர வேணாம். நான் தனியாவே போய்க்கிறேன்.”

எட்டு வயதுக் குழந்தையை அந்தக் கதவுக்குள் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. கையில் நான்கு நாள் இருந்தது.

சாப்பு வாங்கிய கதை

நம் நாட்டில் எந்தக் காகிதமும் சாப்பு, அதாவது முத்திரை, குத்தினால்தான் காகிதம். அதற்கு முன்னால் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அது வெறும் தாள். இது லோஷினிக்கும் தெரியும். தம்பியின் பிறப்புப் பத்திரத்துக்காக அப்பா ஓர் அலுவலகத்துக்கு இரண்டு நடை நடந்ததைப் பார்த்தவள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் எழுதுபொருள் கடைக்கு ஓடினேன். குழந்தைகள் விளையாடும் நட்சத்திர முத்திரைகள் இருந்தன. அவை வேண்டாம் என்றேன். கடைக்கார அண்ணன் அடியிலிருந்து ஒரு அசல் ரப்பர் முத்திரையை எடுத்தார். யாரோ செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராதது. ‘டிதெரிமா’ என்று மலாயில், கறாரான பெரிய எழுத்தில். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

“இத வச்சி என்னா செய்யப் போற?”

“கவுண்டர் திறக்கப் போறேண்ணே.”

“எந்த ஆபீஸ்ல?”

“ஒன்பதாம் கட்டில்ல.”

தலையை ஆட்டிக்கொண்டே முத்திரையைப் பொட்டலம் கட்டினார். என்னைச் சின்ன வயதிலிருந்து பார்ப்பவர்.

சட்டம் எளிது. கட்டிலருகே வருகிறவர் நம்பர் எடுக்க வேண்டும். லோஷினி கேட்கிற கேள்விக்கு உண்மையைச் சொன்னால் சீட்டில் சாப்பு. இல்லையென்றால் இல்லை. முழுச் சாப்பு வாங்கியவர்தான் வியாழக்கிழமை அவளோடு ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை வரலாம். இந்தக் கடைசி விதி அவளே சேர்த்தது.

வார்டுத் தலைமைத் தாதி சிஸ்டர் நொராய்னி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கையில் குத்தக் கூடாது, காகிதத்தில் மட்டும். தொட்டவர்கள் எல்லாரும் கை கழுவ வேண்டும். ஆகவே உலகத்திலேயே சுத்தமான கவுண்டர் எங்களுடையதுதான்.

இல்லாத கோழி

இங்கே ஒரு சின்ன வழிவிலகல். நாங்கள் கத்தோலிக்கர்கள், அப்பாவின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், அதனால்தான் ரயில்வே ஊழியர்கள் குடியேறிய பிரிக்ஃபீல்ட்ஸ். எனக்கும் எட்டு வயது இருக்கும்போது முதல் பாவசங்கீர்த்தனம் வந்தது. ஃபாதரிடம் சொல்ல என்னிடம் பாவமே இல்லை. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. பயத்தில் உள்ளே போய், பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடிவிட்டேன் என்று சொன்னேன்.

பக்கத்து வீடு நான்காவது மாடி. அங்கே கோழி கிடையாது.

ஃபாதர், “கோழியைத் திருப்பிக் கொடுத்துவிடு” என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் தூங்கவில்லை. இல்லாத கோழியை எங்கே போய் வாங்குவது?

எதற்குச் சொல்கிறேன் என்றால், பெரியவர்கள் சொல்கிற பொய்யைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். குழந்தையின் நெஞ்சில் உட்கார்ந்து கனப்பது பல சமயம் அது தானே சொன்ன பொய். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒன்பதாம் கட்டிலில் அதைக் கவனிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

டாக்டருக்கு எண் மூன்று

முதல் எண் எனக்கு. நான்தானே கண்டுபிடித்தவள், சாப்பு நிச்சயம் என்று நிமிர்ந்து நின்றேன்.

“வலிக்குமா?”

“தூங்கும்போது வலிக்காது. முழிச்ச பிறகு வலிக்கும். மருந்து தருவாங்க, கொஞ்சம் கொஞ்சமா குறையும்.”

தலையாட்டினாள். சாப்பைத் தூக்கினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பக் கீழே வைத்துவிட்டாள்.

“உங்களுக்கு இல்லக்கா.”

“ஏன்? சரியாத்தானே சொன்னேன்?”

“உங்களுக்கே தெரியும். அடுத்த நம்பர்!”

சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஏதோ விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் எண் ராஜம் அத்தை. “எக்ஸ்ரேதான்டி செல்லம்” என்று ஆரம்பித்து வாசலுக்கு அனுப்பப்பட்டார். மூன்றாம் எண், ரவுண்டுக்கு வந்த டாக்டர் லிம். சிஸ்டர் என்னை முறைத்தார். டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் பவ்யமாக நின்றார். இருவரும் மலாயில் பேசினார்கள்.

“என் காலை வெட்டிடுவீங்களா?”

அந்தக் கேள்வி அவளுக்குள் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

“இல்லை. கால் உன்னோடுதான் இருக்கும். பழைய தையலைப் பிரித்து, எலும்பைக் கழுவி, திரும்பத் தைப்பேன். இன்னொரு முறை கழுவ வேண்டி வருமா என்று எனக்கு இன்னும் தெரியாது. வந்தால் உன்னிடம்தான் முதலில் சொல்வேன்.”

டக். முழுச் சாப்பு. டாக்டர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மற்றக் கட்டில்களுக்குப் போனார். நடையில் ஒரு மிதப்பு தெரிந்தது.

அதற்குப் பிறகு கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. மிஸ்ஸிகள் வாங்கினார்கள். தரை துடைக்கும் அக்கா வாங்கினார். கரடி பொம்மையும் தண்ணீர்ப் புட்டியும்கூட வாங்கின. லோஷினி மட்டும் தனக்கென்று ஒரு சீட்டு எடுக்கவில்லை. அதிகாரி அல்லவா, அவளுக்கு எதற்கு என்று நினைத்தேன்.

போராங் சரியில்ல

அப்பா சரவணன் லோரி ஓட்டுபவர். துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிக்கொண்டு எந்தச் சந்திலும் பின்னால் போகத் தெரிந்த மனிதர். மகளின் கட்டிலுக்கு முன்னால் நின்றால் கை எங்கே வைப்பது என்று தெரியாது.

முதல் நாள்: “வலிக்குமா அப்பா?”

“அதெல்லாம் இல்லம்மா. அப்பா இருக்கேன்ல.”

“போராங் சரியில்ல. நாளைக்கு வாங்க.”

இரண்டாம் நாள் பொரித்த கோழியோடு வந்தார்.

“கவுண்டர்ல சாப்பாடு வாங்க மாட்டோம்.”

“சும்மா ஒரு துண்டும்மா.”

லோஷினி யோசித்தாள். “இப்ப கவுண்டர் ரேஹாட். அரை மணி நேரம்.” இடைவேளையில் இரண்டு துண்டு சாப்பிட்டாள். விரலைத் துடைத்துக்கொண்டு கவுண்டரைத் திறந்தாள். “வலிக்குமா?”

“இல்லம்மா...”

“நாளைக்கு வாங்க.”

வெளியே நடைபாதையில் என்னைப் பிடித்துக்கொண்டார். “டீச்சர், எனக்கு உண்மை சொல்லத் தெரியாம இல்ல. சொன்னா அவ அழுவா. அவ அழுதா எனக்கு லோரி ஓட்ட வராது.”

“சொல்லாட்டி அழ மாட்டாளாண்ணே?”

அவர் மணி ஐந்தாகப் போகிறது என்று உள்ளே ஓடினார். ஐந்து மணிக்கு அம்மா வீடியோவில் வருவார். அப்பா தலையணையை நிமிர்த்துவார். போர்வையைக் கழுத்துவரை இழுப்பார். டிரிப் ஏறும் கை உள்ளே போய்விடும். பின்னால் வெறும் சுவர். காலில் ஏதோ புண், மருந்து கொடுக்கிறார்கள் என்பதுவரைதான் அம்மாவுக்குத் தெரியும்.

“பச்சை உடம்பு டீச்சர். கேட்டா பால் வத்திடும்” என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். குடும்ப விஷயம் என்று நான் தலையிடவில்லை. கவுண்டர் திறப்பதற்கு முன்னால் ஒரு நாள், அந்தப் பக்கம் போன என்னைப் பார்த்து, “ஜெசி டீச்சர், பாப்பா எப்படி இருக்கா?” என்று லோஷினியின் அம்மாவே திரையிலிருந்து கேட்டார்.

“சூப்பரா இருக்காக்கா! ஓடியாடிக்கிட்டு இருக்கா!” என்று கையசைத்துவிட்டுப் போனேன்.

பாதிச் சாப்பு

புதன் சாயங்காலம், வீடியோ அழைப்புக்குக் கொஞ்சம் முன்னால், மூன்றாம் முறையாக நம்பர் எடுத்தார். இந்த முறை கையில் ஒன்றுமில்லை. தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு என்ன செய்வாங்க?”

“ஆபரேஷன். பழைய இடத்தையே திறந்து எலும்பைக் கழுவுவாங்க. டாக்டர் நிறைய சொன்னாரு. எனக்குப் புரிஞ்சது இவ்ளோதான்மா.”

“வலிக்குமா?”

“வலிக்கும்.” தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். “போன தடவை நீ அழுதப்ப நான் மைலோ வாங்கப் போறேன்னு சொன்னேன்ல. வாங்கல. கீழ கார் பார்க்ல நின்னுக்கிட்டு இருந்தேன். பாக்க முடியல.”

சாப்பு மேலே போனது.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் வரைந்திருந்த மீனைப் பார்த்தேன்.

“தெரியாது” என்றார்.

லோஷினி சாப்பைக் கீழே வைத்தாள். அதிகாரிக் குரல் காணாமல் போய்விட்டது. “தினமும் நான் அம்மாகிட்ட பொய் சொல்றேன். கைய ஒளிச்சி வச்சிக்கிட்டு. எல்லாருக்கும் குத்துறேன், எனக்கு நானே குத்திக்க முடியல.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அக்காவும்தான். ஓடியாடுறான்னு சொன்னீங்க. நான் எங்க ஓடுனேன்?”

மூன்று நாளாகப் புரியாதது புரிந்தது. கவுண்டரைக் கண்டுபிடித்த எனக்கு, அதில் சாப்பு கிடையாது. கோழிக் கதை தெரிந்த எனக்கு, ஒரு குழந்தையைத் தினமும் ஐந்து மணிக்குப் போர்வைக்குள் ஒளித்து வைக்கிறோம் என்பது மட்டும் உறைக்கவில்லை.

சரவணன் கட்டிலில் உட்கார்ந்தார். “தப்புதாம்மா. உன்னைச் சொல்ல வச்சது என் தப்பு. அம்மாகிட்ட நானே சொல்றேன். நேர்ல போய் சொல்றேன், போன்ல வேணாம்.”

“எப்போ?”

“நீ ஆபரேஷன் முடிஞ்சி முழிச்சிடு. சனிக்கிழமை போறேன்.”

நீண்ட ஆலோசனை. பிறகு சீட்டின் ஓரத்தில் பாதிதான் படும்படி சாப்பை அழுத்தினாள். ‘டிதெ’ என்று மட்டும் விழுந்தது.

“மீதி அம்மாகிட்ட சொன்ன பிறகு.”

அன்று ஐந்து மணி அழைப்புக்கு லோஷினி வரவில்லை. தூங்குகிறாள் என்று அப்பா சொல்ல வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். “இன்னிக்கு அவளுக்குப் பேச மனசில்ல. சனிக்கிழமை வீட்டுக்கு வரேன், வந்து சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, வியர்த்துப்போய் போனை வைத்தார்.

லிஃப்ட் வரைக்கும்

வியாழன் காலை. பாதிச் சாப்புக்குப் பாதித் தூரம் என்று அறிவிப்பு வந்தது. லிஃப்ட்தான் பாதி என்று அவளே அளந்து சொன்னாள். அதற்கு மேல் சாப்பு உள்ள சிஸ்டர் நொராய்னி போதும்.

சரவணன் வாதாடவில்லை. தள்ளுகட்டிலின் பக்கத்தில் நடந்தார். நான் பின்னால். லிஃப்ட் முன்னால் நின்றார், மகளின் கையிலிருந்து தன் கையை எடுத்தார், இரண்டடி பின்வாங்கினார். லோரியைச் சந்துக்குள் நிறுத்துகிற மாதிரி அவ்வளவு கவனமாக.

கதவு திறந்தது. கட்டில் உள்ளே போனது. கூரையைப் பார்த்துப் படுத்திருந்த லோஷினி திரும்பினாள்.

“அப்பா.”

“என்னம்மா?”

“இது எமர்ஜென்சி கேஸ். ஏறுங்க. மீதியை அப்புறம் பாத்துக்கலாம்.”

சிஸ்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஏற்கெனவே கதவிடுக்கில் காலை வைத்திருந்தார்.

மயக்கம் ஏறும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். வெளியே வந்தவர் தலையில் போட்ட பச்சைத் தொப்பியைக் கழற்றாமலே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கார் பார்க்குக்குப் போகவில்லை.

மதியம் கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “வலிக்குது.” உதட்டை நனைத்துக்கொண்டாள். “அப்பா சொன்ன மாதிரியே வலிக்குது.”

அதில் குறை எதுவும் இல்லை. கிட்டத்தட்டப் பாராட்டு. சரவணன் சிரிக்கத் தொடங்கி, எங்கேயோ நடுவில் அழுகைக்கு மாறிவிட்டார். லோஷினியும் அழுதாள். அவர் எங்கேயும் போகவில்லை.

எண் இரண்டு

இதை வெள்ளிக்கிழமை, கிள்ளானிலிருந்து வீடு திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். எலும்பு சுத்தமாக இருக்கிறது, இனி மருந்து மட்டும் போதும் என்று டாக்டர் லிம் இன்று சொன்னார். முதலில் லோஷினியிடம்தான் சொன்னார். இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். அப்பா சம்மதித்தால் சரி, ஆனால் வேறு பெயர் வேண்டும் என்றாள். லோஷினி அவளே தேர்ந்தெடுத்த பெயர்.

நாளை சனிக்கிழமை. “டீச்சர், நீங்களும் வாங்க. நீங்க இருந்தா அவ என்னை அடிக்க மாட்டா” என்று சரவணன் கேட்டிருக்கிறார். நான் காவலுக்குப் போகவில்லை. எனக்கும் அந்த வீட்டில் வேலை இருக்கிறது.

பால் வற்றிவிடுமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். “கேட்டால் அழுவார். பக்கத்தில் ஆள் இருங்கள், சாப்பிட வையுங்கள், குழந்தையைக் கையில் கொடுங்கள். சொன்னதும் கிளம்பி ஓடி வந்துவிடாதீர்கள்” என்றார். அதனால் ராஜம் அத்தையும் நாளை அங்கே இருப்பார். எக்ஸ்ரே என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது என்ற கட்டளையோடு.

காலை பதினோரு மணிக்கு லோஷினி வீடியோவில் வருவாள். போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைக்கச் சொல்லி இன்றே மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டாள். கிளம்பும்போது மூன்று சீட்டு வெட்டினாள். எண் ஒன்று அப்பாவுக்கு. எண் இரண்டு எனக்கு.

“மூணு யாருக்கு?”

“கவுண்டர் ரேஹாட்ல இருக்கு. கேக்காதீங்க.” அதைத் தலையணைக்கடியில் செருகிக்கொண்டாள்.

ரயில் பிரிக்ஃபீல்ட்ஸை நெருங்குகிறது. எண் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாளை லோஷினியின் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். அழகாகச் சுற்றிவளைத்து நாலைந்து விதமாக வந்தது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். மிச்சமிருப்பது இதுதான்:

“அக்கா, அன்னிக்குப் பாப்பா ஓடியாடுறான்னு சொன்னேன்ல. அது பொய்.”